ஷூமாக்கர் அளாப்பித்தான் வென்றாரா?

திருகோணமலையில் அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட, நான் மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுக்கிற கராஜ் ஒன்று இருக்கிறது. ஒயில் படிந்த உள்சுவரில் மைக்கேல் ஷூமாக்கர் 2004ஆம் ஆண்டு ஃபோர்மியூலா 1 பந்தயங்களில் ஓட்டிய ஃபெராரி காரின் படம் இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. உப்புக்காற்றில் சிவப்பு வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது, கிழிந்த மூலைக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே வேலை பழகுகிற தம்பி ஒருநாள் அந்தப் படத்தைக் காட்டி, "அண்ணா, இவர் அளாப்பித்தானே சாம்பியன் ஆனவர்?" என்று என்னிடம் கேட்டான். கராஜ் வைத்திருக்கிற அண்ணைக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "ஏழுதரம் அளாப்பி வெல்லேலுமோடா?" என்று பாய்ந்தார்.

தம்பி 2004க்குப் பிறகு பிறந்தவன். அவன் பார்த்ததெல்லாம் யூடியூப்பில் யாரோ வெட்டி ஒட்டிய சர்ச்சைக் காட்சிகள்தான், அடிலெய்ட், ஹெரெஸ், மொனாக்கோ. அண்ணை பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் முழுப் பந்தயங்களை, ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, பத்துப் பதினைந்து வருடம். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு விளங்கியது, ஆனால் இரண்டு பேரோடும் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஷூமாக்கரின் மிகப் பெரிய பிழைகள் எல்லாம் அரை விநாடிக்குள் நடந்தவை, அதுவும் அவர் தானே ஏதோ ஒன்றைத் தவறவிட்ட அடுத்த கணத்தில். அவருடைய பெருமை வருடக்கணக்கில் கட்டியெழுப்பியது. அந்த இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன என்பதுதான் விளங்கப்படுத்த வேண்டிய விஷயம்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஏழு உலகப் பட்டங்கள்: 1994, 1995, பிறகு 2000 தொடக்கம் 2004 வரை தொடர்ந்து ஐந்து. 91 வெற்றிகள், 68 போல் பொசிஷன் (தகுதிச்சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓடி, பந்தயத்தை முதலாவது ஆளாகத் தொடங்குகிற இடம்), 155 தடவை முதல் மூன்று இடங்களுக்குள். 2020இல் லூயிஸ் ஹமில்டன் வெற்றிக் கணக்கைத் தாண்டினார், அதே வருடம் ஏழு பட்டங்களையும் எட்டிப் பிடித்தார். ஹமில்டன் 91ஐத் தொட்ட அன்று நியூர்பர்க்ரிங்கில் ஷூமாக்கரின் மகன் மிக், தகப்பனின் ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். எண்களைப் பற்றி இவ்வளவும் போதும், ஏனென்றால் தம்பி கேட்ட கேள்விக்கு எண்களில் பதில் இல்லை.

ஆள் வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் கெர்பன் என்ற சின்ன ஊர். தகப்பன் செங்கல் அடுக்குகிற மேசன், பிறகு ஊர் கார்ட் பந்தயத் தடத்தைப் பார்த்துக்கொண்டவர், தாய் அதே தடத்தின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தார். கார்ட் என்பது பிள்ளைகள் ஓட்டுகிற சின்னப் பந்தய வண்டி, ஆனால் அதுவும் காசுக்காரர் விளையாட்டுத்தான். மற்றப் பிள்ளைகள் கழற்றி எறிந்த டயர்களைப் போட்டு ஓட்டிப் பழகினவர் இவர். தேய்ந்த டயரில் ஓடுகிறவனுக்கு வண்டி எந்த இடத்தில் வழுக்கும் என்பது உடம்பிலேயே ஏறிவிடும். பிற்காலத்தில் மழையில் இவரை யாரும் கிட்ட நெருங்க முடியாமல் போனதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1991 ஓகஸ்ட், பெல்ஜியத்தின் ஸ்பா தடம். ஜோர்டன் அணியின் ஓட்டுநர் லண்டனில் டாக்சிக்காரர் ஒருவரின் முகத்தில் கண்ணீர்ப்புகை அடித்து ஜெயிலுக்குப் போனதால் ஓர் இருக்கை காலியானது. அந்த இருக்கைக்கு 22 வயது ஷூமாக்கரைக் கொண்டுவந்தார்கள். 7 கிலோமீற்றர் நீளமான தடம், அவர் அதில் முன்பு போட்டியிட்டதே இல்லை, சைக்கிளில் ஒருதரம் சுற்றிப் பார்த்தார். தகுதிச்சுற்றில் ஏழாமிடம். அனுபவமுள்ள சக ஓட்டுநர் அதே காரில் பதினோராமிடம். பந்தயம் தொடங்கி ஒரு சுற்று முடிவதற்குள் கிளச் போய்விட்டது, ஆனால் அதற்குள் எல்லோரும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள், அடுத்த பந்தயத்துக்கு அவர் பெனற்றன் அணியில் இருந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஸ்பாவில் முதல் வெற்றி.

இனி 1994. இந்த வருடத்தைப் பற்றிக் கதைக்காமல் ஷூமாக்கரைப் பற்றிக் கதைக்க ஏலாது, கதைக்கத் தொடங்கினால் முடிக்கவும் ஏலாது. மே 1ஆம் திகதி இமோலாவில் பிரேசிலின் பெரிய சாம்பியன் அயர்ட்டன் சென்னா பந்தய விபத்தில் இறந்தார். அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஷூமாக்கர்தான் அந்தப் பந்தயத்தை வென்றவர், தனக்கு முன்னால் சென்னாவின் கார் சுவரை நோக்கிப் போனதைக் கண்ணால் கண்டவர். சென்னா போன பிறகு பட்டம் இவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சிக்கல்கள் வரத் தொடங்கின. சில்வர்ஸ்டோனில் பந்தயத்துக்கு முன்னான சுற்றில் பட்டத்துக்குப் போட்டியாக இருந்த வில்லியம்ஸ் அணியின் டேமன் ஹில்லை முந்தினார், அது விதிக்கு மாறு. தண்டனை கொடுத்தார்கள், உடனே வந்து நிற்கவில்லை, பந்தயத்தை விட்டு வெளியேறு என்கிற கறுப்புக் கொடி காட்டினார்கள், அதையும் கணக்கில் எடுக்கவில்லை. விளைவு, இரண்டாமிடம் பறிபோனது, கூடவே இரண்டு பந்தயங்களுக்குத் தடை. ஸ்பாவில் வென்றார், காருக்கு அடியில் இருக்கிற மரப்பலகை அளவுக்கு மேல் தேய்ந்திருந்தது என்று அந்த வெற்றியும் போனது. பெனற்றனின் கணினிக்குள் தடைசெய்யப்பட்ட ஸ்டார்ட் உதவி மென்பொருள் இருந்ததை விசாரணையில் கண்டுபிடித்தார்கள், ஆனால் அதைப் பாவித்தார்கள் என்று நிரூபிக்க முடியவில்லை. இப்படியாக ஒரு வருடம் முழுக்கச் சந்தேகமும் தண்டனையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசிப் பந்தயத்துக்கு அவர் வந்து சேரும்போது கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு புள்ளி முன்னிலை.

அடிலெய்ட், நவம்பர் 13, சுற்று 36. ஷூமாக்கர் முன்னுக்கு, ஹில் இரண்டு விநாடிகூட இல்லாத தூரத்தில் பின்னுக்கு. ஒரு இடதுபக்க வளைவில் ஷூமாக்கரின் கார் அகலப் போய்ப் புல்லில் ஏறிச் சுவரில் உரசியது. அவர் திரும்பத் தடத்துக்கு வருகிற நேரம்தான் ஹில் வளைவால் திரும்பி வருகிறார், சுவரில் உரசியதை அவர் காணவில்லை. கண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்திருப்பார், ஷூமாக்கரின் கார் எப்படியும் நின்றிருக்கும். காணாதபடியால் அடுத்த வலதுபக்க வளைவில் உள்ளால் மூக்கை விட்டார். ஷூமாக்கர் அந்த வளைவுக்குத் திரும்பினார். இரண்டு காரும் முட்டின, பெனற்றன் இரண்டு சில்லில் எழும்பிப் போய் டயர்ச்சுவரில் விழுந்தது. ஹில்லின் கார் ஓடியது, ஆனால் முன் இடப்பக்க சஸ்பென்ஷன் கம்பி வளைந்திருந்தது, தடத்தோரத்தில் கார் திருத்துகிற இடமான பிட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்த ஷூமாக்கர் 92க்கு 91 என்ற கணக்கில் உலக சாம்பியன். நடுவர்கள் அதைச் சாதாரணப் பந்தய மோதலாக எடுத்து விட்டுவிட்டார்கள்.

வேண்டுமென்றே செய்தாரா? நான் அந்தக் காட்சியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சுவரில் உரசிய காரின் ஸ்டியரிங் எப்படி இருந்திருக்கும், கண்ணாடியில் ஹில்லை எந்தக் கணத்தில் கண்டிருப்பார் என்றெல்லாம் யோசித்தால் அடிலெய்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அடிலெய்ட் தனியாக இல்லையே.

மூன்று வருடம் கழித்து, 1997 ஒக்ரோபர் 26, ஸ்பெயினில் ஹெரெஸ். திரும்பவும் கடைசிப் பந்தயம், திரும்பவும் ஒரு புள்ளி முன்னிலை, இம்முறை எதிரி வில்லியம்ஸ் அணியின் ஜாக் வில்நெவ், ஷூமாக்கர் ஃபெராரியில். தகுதிச்சுற்றில் வில்நெவ், ஷூமாக்கர், பிரென்ட்ஸன் மூன்று பேரும் 1 நிமிடம் 21.072 விநாடி, ஆயிரத்திலொரு பங்குகூட வித்தியாசமில்லை, நம்பவே முடியாத நேரம். பந்தயத்தில் 48ஆவது சுற்றில் வில்நெவ் மிகத் தூரத்தில் இருந்து பிரேக்கைப் பிந்திப் பிடித்து உள்பக்கத்தால் பக்கத்தில் வந்துவிட்டார். ஷூமாக்கரின் காருக்குள் இருந்த கமெராவைப் பாருங்கள். கை முதலில் வளைவுக்கு ஏற்ற மாதிரித் திரும்புகிறது, பிறகு வில்நெவ்வைக் கண்டதும் ஒரு சின்னத் தயக்கம், அதற்குப் பிறகு ஸ்டியரிங் திரும்பவும் வலப்பக்கம் வெட்டுகிறது, வளைவை நோக்கி இல்லை, வில்லியம்ஸ் காரின் வயிற்றை நோக்கி. முட்டினதில் வில்லியம்ஸ் தப்பியது, ஃபெராரி சரளைக்கல்லில் புதைந்து சில்லுகள் சும்மா சுற்றின. வில்நெவ் மூன்றாமிடத்தில் முடித்துச் சாம்பியன் ஆனார்.

இங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை, அது பிழை, அப்பட்டமான பிழை. ஷூமாக்கர் முதலில் மறுத்தார், பிறகு தான் செய்தது பிழை என்று ஏற்றுக்கொண்டார். இந்தப் பந்தயங்களை நிர்வகிக்கிற எஃப்ஐஏ அவரை அந்த வருடத்துச் சாம்பியன்ஷிப் பட்டியலில் இருந்தே நீக்கியது, இரண்டாமிடம் போனது. ஆனால் பந்தய வெற்றிகளை எடுக்கவில்லை, அடுத்த வருடத்துக்குத் தடையும் போடவில்லை, வீதிப் பாதுகாப்புப் பிரசாரத்தில் சில நாள் வேலை செய்யச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அது போதாத தண்டனை. ஏற்கெனவே இழந்துவிட்ட ஒன்றை எடுப்பது என்ன தண்டனை? ஆறு மாதம் வீட்டில் இருத்தியிருந்தால் பிறகு நடந்த சிலது நடந்திராது.

2006 மே, மொனாக்கோ, தகுதிச்சுற்றின் கடைசி நிமிடம். ஷூமாக்கர் அந்த நேரம்வரை முதலிடம், பின்னால் அந்த வருடப் பட்டத்துக்குப் போட்டியாளரான அலொன்சோ அதைவிட வேகமாக வந்துகொண்டிருக்கிறார். ஷூமாக்கரின் கடைசிச் சுற்றும் சரியாகப் போகவில்லை. ராஸ்காஸ் என்கிற அந்த ஒடுங்கிய வளைவில் பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கை தேவையில்லாமல் வெட்டி, கார் வேலிக்குக் கிட்டப் போய் நின்றது. அபாயம், வேகத்தைக் குறை என்கிற மஞ்சள் கொடி, அலொன்சோவின் சுற்று நாசம். தெரியாமல் நடந்தது என்றார். நடுவர்கள் மணிக்கணக்கில் தரவுகளைப் பார்த்துவிட்டு, அந்த வேகத்தில் அந்த அளவுக்குப் பிரேக் பிடிக்கக் காரணமே இல்லை என்று எல்லா நேரங்களையும் அழித்து அவரைக் கடைசிக்கு அனுப்பினார்கள். முந்தவே முடியாத அந்தத் தெருக்களில் கடைசியில் இருந்து தொடங்கி ஐந்தாமிடம் வந்தார். அந்தத் திறமை கையில் இருந்தவருக்கு முதல்நாள் அதைச் செய்ய வேண்டிய தேவையே இருக்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிலெய்டில் அவர் சுவரில் உரசிய அடுத்த கணம். ஹெரெஸில் உள்பக்கத்தைத் திறந்து விட்டுவிட்ட அடுத்த கணம். மொனாக்கோவில் சொந்தச் சுற்றைக் கெடுத்துக்கொண்ட அடுத்த கணம். எங்கேயும் முதலிலேயே திட்டம் போட்டு வந்து எதிரியை அடித்ததாகத் தெரியவில்லை. தன் கையால் ஒன்று நழுவிவிட்டது என்பதை மனம் ஏற்றுக்கொள்வதற்கு முதல் கை திரும்பிவிடுகிறது. கந்தளாய்ப் பக்கத்தில் இருந்து வருகிற வீதியில் சில பஸ் ஓட்டுநர்களிடம் இதைக் கண்டிருப்பீர்கள், பின்னால் வந்த பஸ் முந்திவிட்டது என்று தெரிந்த பிறகும் பிரேக்கைத் தொடாமல் வெளியே வெட்டுவார்கள், அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற ஐம்பது சனத்துக்கு அது சமாதானமும் இல்லை. யோசிக்காமல் செய்தார் என்பதால் குற்றம் குறையாது. எங்கே இருந்து வந்தது என்பது மட்டும் விளங்கும்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்றால், சென்னாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் அதிகம். 1990இல் சுசூக்காவின் முதல் வளைவிலேயே சென்னா அலன் ப்ரொஸ்ட்டை அடித்து வெளியேற்றிப் பட்டத்தை எடுத்தார், அடுத்த வருடம் வேண்டுமென்றேதான் செய்தேன் என்று வாயாலேயே சொன்னார். அது பந்தயம் தொடங்குவதற்கு முதலே எடுத்த முடிவு, மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில். ஆனாலும் சென்னாவை வீரன் என்கிறோம், ஷூமாக்கரை அளாப்பி என்கிறோம். சென்னாவுக்கு அதற்கு ஒரு நியாயம் சொல்லத் தெரிந்திருந்தது, அதற்கு முந்தின வருடம் ப்ரொஸ்ட் தனக்குச் செய்ததையும் அதிகாரிகள் தன்னை நடத்திய விதத்தையும் கண்ணீரோடு சொன்னார், கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். ஷூமாக்கருக்கு அது தெரியாது. மறுத்தார், முகத்தை இறுக்கிக்கொண்டார், தாடையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார். பிழைக்காக ஒரு மடங்கும் அந்த முகத்துக்காக இரண்டு மடங்கும் வாங்கிக் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, அண்ணையின் பக்கத்துக்கு வருவோம்.

1995இல் இரண்டாவது பட்டமும் வென்ற கையோடு, பெனற்றனை விட்டு ஃபெராரிக்குப் போனார். இன்றைக்கு அது இயல்பான முடிவுபோலத் தெரியும், அன்றைக்கு அப்படி இல்லை. ஃபெராரி ஓட்டுநர் பட்டம் கடைசியாக வென்றது 1979இல். பணம் இருந்தது, பேர் இருந்தது, கார் ஓடவில்லை. 1996இல் பிரான்ஸ் பந்தயத்தில் ஆரம்பக் கோட்டுக்கு வந்து நிற்பதற்கு முதலே எஞ்சின் புகைந்தது. அப்படிப்பட்ட காரில் அந்த வருடம் பார்சிலோனாவில் கொட்டுகிற மழையில் 45 விநாடி வித்தியாசத்தில் வென்றார், சில சுற்றுகளில் மற்றவர்களைவிட மூன்று விநாடிக்கு மேல் வேகம். பந்தயம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், இந்த விளையாட்டில் ஒரு சுற்றில் அரை விநாடி என்பதே பெரிய தூரம்.

அணித் தலைவர் ஜான் டொட் ஏற்கெனவே அங்கே இருந்தார், பெனற்றனில் இருந்து தொழில்நுட்பத் தலைவர் ரொஸ் ப்றோனும் கார் வடிவமைப்பாளர் ரோரி பர்னும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் ஷூமாக்கரின் உண்மையான வேலை, அது தொலைக்காட்சியில் தெரியாத வேலை. ஃபியோரானோவில் ஃபெராரியின் சொந்தத் தடத்தில் நாள் முழுக்க ஓட்டுவது, ஓட்டி முடித்ததும் எஞ்சினியர்களோடு இருட்டும்வரை இருந்து கதைப்பது, மெக்கானிக்மாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டு நலம் விசாரிப்பது. பந்தயம் முடிந்து மற்றவர்கள் வியர்த்து ஒழுகி இறங்கும்போது இவர் முகம் காய்ந்திருக்கும், உடம்பை அப்படி வைத்திருந்தார், இன்றைய ஓட்டுநர்களின் உடற்பயிற்சிப் பழக்கத்துக்கு அளவுகோல் போட்டவர் அவர்தான்.

1998 ஹங்கேரி எனக்கு மிகப் பிடித்த பந்தயம். முந்துவதற்கு இடமில்லாத தடம், முன்னுக்கு மக்லாரன் அணியின் இரண்டு கார்கள். ப்றோன் நடுவில் திட்டத்தை மாற்றி, இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை பிட்டுக்கு வரச் செய்தார், குறைந்த எரிபொருளோடு கார் இலேசாக ஓடும், ஆனால் கூடுதலாக நிற்கிற நேரத்தை ஓடித்தான் ஈடுசெய்ய வேண்டும். ரேடியோவில் சொன்ன கணக்கு: 19 சுற்றுக்குள் 25 விநாடி எடுக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு சுற்றும் தகுதிச்சுற்றுப்போல ஓட வேண்டும், ஒன்றுகூடத் தவறக்கூடாது. இடையில் ஒருதரம் புல்லுக்குப் போய் வந்தார், அப்படியும் எடுத்துக்காட்டினார், வென்றார். ஆனாலும் அந்த வருடப் பட்டம் மக்லாரன் ஓட்டுநர் ஹக்கினனுக்குத்தான் போனது. சுசூக்காவில் கடைசிப் பந்தயத்தில் கோட்டிலேயே எஞ்சின் நின்றது, பின்னால் போய் முன்னுக்கு ஏறி வருகையில் டயர் வெடித்தது.

1999இல் சில்வர்ஸ்டோனில் பிரேக் செயலிழந்து டயர்ச்சுவரில் நேராகப் போய் வலது கால் முறிந்தது. ஆறு பந்தயங்கள் போயின. திரும்பி வந்தது மலேசியாவின் செப்பாங்கில், போல் பொசிஷன் எடுத்தார், இரண்டாவது ஆளைவிட ஏறத்தாழ ஒரு விநாடி வேகம், ஆனால் பந்தயத்தில் பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த சக ஓட்டுநர் அர்வைனுக்கு வழிவிட்டார், ஒருதரம் இல்லை, இரண்டுதரம். ஷூமாக்கர் தனக்காக மட்டும் ஓடினவர் என்று சொல்கிறவர்கள் அந்தப் பந்தயத்தை மறந்துவிடுகிறார்கள். 2000 செப்டெம்பரில் மொன்சாவில் சென்னாவின் 41 வெற்றிகளை எட்டினபோது செய்தியாளர் முன்னால் உடைந்து அழுதார், அடுத்த மாதம் சுசூக்காவில் 21 வருடத்துக்குப் பிறகு ஃபெராரிக்கு ஓட்டுநர் பட்டம். ஐந்து வருடம் எடுத்தது. வேறு யாராவது இரண்டாவது வருடமே வேறு அணியைத் தேடிப் போயிருப்பார்கள்.

2002 மே மாதம் ஒஸ்ட்ரியா பந்தயத்தை நான் பார்த்தது உப்புவெளியில் மாமா வேலை செய்த சின்ன விருந்தினர் விடுதியில். பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, வெள்ளைக்காரர் ஒன்றிரண்டு பேர் திரும்பவும் கடற்கரைக்கு வரத் தொடங்கியிருந்த நேரம். பின்னேரம் 6 மணிக்குப் பந்தயம். வயதான ஜேர்மன்காரர் ஒருவர் சிவப்புத் தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார். ஃபெராரியின் மற்ற ஓட்டுநர் பரிச்செல்லோ தொடக்கத்தில் இருந்து முன்னுக்கு, ஷூமாக்கர் பின்னால். கடைசி வளைவு தாண்டி, கோட்டுக்குச் சில மீற்றர் இருக்கையில் பரிச்செல்லோ வேகத்தைக் குறைத்தார், அணியின் கட்டளை. ஷூமாக்கர் வென்றார். கூட்டம் கூவியது, அந்தச் சத்தம் சின்ன ரி.வி. ஸ்பீக்கரில் கடலிரைச்சல்போலக் கேட்டது. மேடையில் ஷூமாக்கர் பரிச்செல்லோவைப் பிடித்து முதலிடப் படியில் ஏற்றிவிட்டார். அந்த ஜேர்மன்காரர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் எழும்பிக் கடற்கரைப்பக்கம் நடந்தார். தொப்பி அங்கேயே கிடந்தது.

முடிவு அணியினுடையது, அது உண்மை. ஆனால் பட்டியலில் மற்ற எல்லோரையும் விட அவ்வளவு முன்னுக்கு நின்ற வருடத்தில், வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஷூமாக்கர்தான், சொல்லவில்லை. மேடைச் சடங்கைக் குழப்பியதற்கு 10 லட்சம் டொலர் அபராதம், அணிக் கட்டளைகளுக்கு 2003இல் இருந்து தடை. அந்த வருடம் ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து, ஜூலையிலேயே பட்டத்தை முடித்தார், அந்த ஒரு வெற்றி அவருக்குத் தேவைப்படவே இல்லை.

2003இல் இமோலா பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால் தாய் இறந்தார். ஓடினார், வென்றார், ஷாம்பெயின் தொடவில்லை. அந்த வருடம் ஆறாவது பட்டம், 1950களின் சாம்பியன் பஞ்சியோவின் ஐந்தைத் தாண்டினார். 2004இல் 18 பந்தயங்களில் 13 வெற்றி, கராஜ் சுவரில் இருக்கிறது அந்தக் கார்தான்.

அந்த வருடம் முடிகிற கிழமையில் கடல் வந்தது. திருக்கடலூர், நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஷூமாக்கரின் பாதுகாவலர் ஒருவர் தாய்லாந்தில் தன் பிள்ளைகளோடு அள்ளுண்டு போனவர். 2005 ஜனவரியில் சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஷூமாக்கர் 1 கோடி டொலர் கொடுத்தார், தனி ஆள் ஒருவர், சில நாடுகள் கொடுத்ததைவிடக் கூட. கராஜ் அண்ணை இதைச் சொல்லித்தான் எப்போதும் விவாதத்தை முடிப்பார். நான் அதற்கு உடன்படுவதில்லை. கொடையைத் தலைவணங்கி ஏற்கிறேன், அந்த மனுஷனை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது, ஆனால் ஹெரெஸில் வில்நெவ்வுக்குச் செய்ததை அந்தக் காசு கழுவாது, கழுவுவதற்காக அவர் கொடுக்கவும் இல்லை.

2005இல் ஒரே டயரில் முழுப் பந்தயமும் ஓட வேண்டும் என்று விதி மாறியது, பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஓடிய ஃபெராரி விழுந்தது, அந்த வருடம் ஒரே ஒரு வெற்றி, அதுவும் இண்டியானாபொலிஸில் ஆறு கார் மட்டும் ஓடின பந்தயத்தில். 2006இல் எழும்பி வந்து, சுசூக்காவில் முன்னிலையில் ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் புகைவிட்டது. ஆறு வருடத்துக்கு மேல் பந்தயத்தில் எஞ்சின் போகாத கார். எட்டாவது பட்டம் ஏறத்தாழ அந்த இடத்திலேயே போய்விட்டது. நடந்து கராஜுக்கு வந்தவர், தலை குனிந்து நின்ற மெக்கானிக்மாரை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துத் தோளில் தட்டினார். அடிலெய்டில் ஸ்டியரிங்கை வெட்டிய அதே கைகள். கோபம் வருவதற்கு அந்த நடை முழுவதும் நேரம் இருந்தது, ஆனால் அவருக்கு யோசிக்கவும் நேரம் இருந்தது, யோசிக்க நேரம் கிடைத்தால் ஷூமாக்கர் இப்படித்தான் நடந்துகொள்வார்.

2006 முடிவில் ஓய்வுபெற்றவர் மெர்சிடிஸ் அணியோடு 2010இல் திரும்பி வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மூன்று வருடத்தில் ஒரே ஒருதரம் மேடை, 2012இல் வலென்சியாவில் மூன்றாமிடம். 43 வயதில் மொனாக்கோ தகுதிச்சுற்றில் எல்லோரையும் விட வேகமாக ஓடினார், முந்தின பந்தயத்தில் புருனோ சென்னாவை இடித்ததற்கான தண்டனையால் அந்த முதலிடம் கிடைக்கவில்லை. 2010 ஹங்கேரியில் பத்தாமிடத்துக்காக, ஒரு புள்ளிக்காக, பழைய சக ஓட்டுநர் பரிச்செல்லோவை நேர்ப்பாதையில் பிட் சுவரோடு நெருக்கினார், பார்த்தவர்கள் மூச்சை விட மறந்தார்கள். அடுத்தநாள் மன்னிப்புக் கேட்டார். 41 வயதில் அது புதிது. அந்தக் கடும் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

2013 டிசம்பர் 29இல் பிரான்சின் மெரிபெலில் பனிச்சறுக்கில் தலை அடிபட்டது. அதற்குப் பிறகு நடந்தவற்றைக் குடும்பம் தன்னோடு வைத்திருக்கிறது, வைத்திருக்கட்டும். 2023இல் ஜேர்மன் சஞ்சிகை ஒன்று செயற்கை நுண்ணறிவால் ஒரு பேட்டியைச் செய்து அவர் சொன்னதுபோலப் போட்டது. பேச முடியாத நிலையில் இருக்கிற ஒருவரின் வாயில் வார்த்தை வைப்பதைவிடக் கேவலமான அளாப்பல் எனக்குத் தெரியாது.

போன கிழமை திரும்பவும் கராஜுக்குப் போயிருந்தேன், பிரேக் கேபிள் மாற்ற. தம்பிக்கு ஃபோனில் 2006 பிரேசில் பந்தயத்தைப் போட்டுக் காட்டினேன். ஃபெராரியில் அவருடைய கடைசிப் பந்தயம், தொடக்கத்திலேயே டயர் காற்றுப்போய்க் கடைசிக்குப் போனார், பட்டம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்தார். முடிய இரண்டு சுற்று இருக்கையில் முன்னால் ரைக்கொனன், அடுத்த வருடம் ஷூமாக்கரின் இடத்துக்கே வரப்போகிறவர். நேர்ப்பாதை முடிவில் ரைக்கொனன் உள்பக்கத்தை அடைத்து, சுவருக்கும் தன் காருக்கும் நடுவில் ஒரு கார் மட்டுக்கு இடம் விட்டார். ஷூமாக்கர் அதற்குள் போனார். முட்டவில்லை, வெட்டவில்லை, ஸ்டியரிங் அசையவே இல்லை. நான்காமிடம்.

தம்பி ஒயில் விரலைச் சேர்ட்டில் துடைத்துவிட்டு, அந்த இடத்தைப் பின்னுக்கு இழுத்து மூன்றுதரம் பார்த்தான்.

"இடமே இல்லையே அண்ணா," என்றான்.